பெஞ்சை அறுத்த டீச்சர்

நோரிஸ் ரோட்டுச் சங்கத்தின் பாலர் வகுப்பை ஊரார் காதால்தான் மேற்பார்வை பார்த்தார்கள். காலை ஒன்பது மணிக்கு நாற்பத்திரண்டு பிள்ளைகளும் ஒரே குரலில் ‘அனா ஆவன்னா’ என்று கத்தினால் படிப்பு ஜோராக நடக்கிறது என்று பொருள். சத்தம் இல்லையென்றால் டீச்சருக்குக் காய்ச்சல். எதிர்ச் சாரியில் மளிகைக் கடை வைத்திருந்த சங்கச் செயலாளர் கோவிந்தசாமிக்கு அந்தக் கூச்சல் கேட்காமல் காலைக் கோப்பி இறங்காது.

அதை நிறுத்தியவள் சிவகாமசுந்தரி. இரண்டு வருஷம் பிரம்பால் மேசையில் தாளம் தட்டி அந்தக் கூச்சலை வளர்த்தவளும் அவளேதான். ஒருநாள் அடைமழை. ஐந்தே பிள்ளைகள் வந்திருந்தார்கள். ஐந்து பேரோடு கத்த வெட்கமாக இருக்கவே, ஒவ்வொருத்தராகக் கூப்பிட்டுக் கேட்டாள். வகுப்பிலேயே பெரிய குரல் நஃபீசாவுக்கு. நூறு வரைக்கும் மூச்சு விடாமல் சொன்னாள்.

“கெட்டிக்காரி! ஏழு புளியங்கொட்டை எடுத்துக் குடும்மா.”

நஃபீசா டப்பாவில் கையை விட்டு, கை கொண்ட மட்டும் அள்ளிக் கொடுத்தாள். அட்டையில் ஒரு எழுத்தைத் தொட்டு இது என்ன என்று கேட்டதும் பிள்ளைக்கு அழுகை வந்துவிட்டது. மற்ற நாலு பேரும் அப்படித்தான். சிவகாமசுந்தரிக்குத் தன் மேலேயே ஆத்திரம் பொங்கியது. இத்தனை நாள் நடத்தியது பாடமில்லை, பஜனை!

மறுநாளே தச்சர் மாணிக்கத்தை வரவழைத்தாள். ஆறு நீளப் பெஞ்சுகளையும் நடுவில் அறுத்து, கால் வைத்து, பன்னிரண்டு குட்டைப் பெஞ்சுகளாக்கச் சொன்னாள். இனிமேல் அவை பிள்ளைகளுக்கு மேசை. தரையில் பாய். ஒரு மூலையில் எழுதிப் பழக மணல் தட்டு. இன்னொன்றில் எண்ணிப் பார்க்கப் புளியங்கொட்டையும் சோடா மூடியும். மூன்றாவதில் வாசித்துப் பழக, பிஸ்கட் டின்னிலிருந்து கிழித்த பெயர்த்தாள்கள். நாலாவதில் தராசோடு பொய்க் கடை. கூட்டம் கூட்டமாகப் பிள்ளைகள் மூலை மாறுவார்கள். அவள் ஒரு மூலையில் உட்கார்ந்து, பத்துப் பேரின் முகத்தையாவது சரியாகப் பார்ப்பாள்.

இரண்டு வாரம் கோவிந்தசாமி ஊரில் இல்லை. பினாங்கிலிருந்து திரும்பிய மூன்றாவது நாளும் கூச்சல் கேட்காமல் போகவே, சாலையைக் கடந்து வந்து வாசலில் நின்றார். கண் முதலில் போனது பெஞ்சுக்குத்தான்.

அந்தச் சங்கத்தில் பெயர் எழுதாத பொருளே கிடையாது. காற்றாடியில் ஒருவர் பெயர், தண்ணீர்ப் பானையில் ஒருவர் பெயர். ஆறு பெஞ்சிலும் உட்காரும் பலகையின் நட்டநடுவே ‘உபயம்’ என்று போட்டு, கீழே ‘கோவிந்தசாமி’ என்று சிவப்பு எழுத்து. நடுவில் அறுத்தால் என்ன ஆகும்? ஒரு துண்டில் ‘கோவிந்’, மறு துண்டில் ‘தசாமி’.

“என் பேர ரெண்டா அறுத்துப்புட்டீங்களே டீச்சர்! உயிரோட இருக்கற மனுசன் பேரு!”

சிவகாமசுந்தரிக்கு அப்போதுதான் உறைத்தது. தினம் பார்த்த பெயர், கண்ணில் படாமலே போயிருக்கிறது.

“பேரு விசயம் என் தப்புதான் ஐயா. கேக்காம செஞ்சதும் தப்பு. மன்னிச்சுக்குங்க. ஆனா பெஞ்ச அறுத்தது தப்பில்ல.”

“ஞாயித்துக்கிழமை கமிட்டி. அதுக்குள்ள பெஞ்சு ஒட்டியிருக்கணும். இல்லாட்டி திங்கக்கிழமை வேற டீச்சர் வருவாங்க லா.”

வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அதே யோசனைதான். வேலை போனால் வேறு வேலை தேடலாம். பிள்ளைகள் மறுபடியும் பஜனைக்குப் போவார்களே, அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. மாணிக்கத்துக்கு அவள் ஆள் அனுப்பவில்லை.

ஞாயிறன்று கமிட்டிக்காரர்கள் நாலு பேர், பெற்றோர், பிள்ளைகள் எல்லாரும் கூடினார்கள். பெஞ்சுகள் பன்னிரண்டாகவே கிடந்தன. கோவிந்தசாமியின் முகம் சிவந்தது.

“சத்தமே இல்ல. என்னத்த படிச்சுதுங்க இதுங்க?”

“ஒரு பிள்ளைய நீங்களே கூப்பிட்டுக் கேளுங்க ஐயா.”

அவர் பெரிய குரல்காரியைத்தான் தேர்ந்தெடுத்தார். “நஃபீசா, எங்க, சத்தமா சொல்லு பாப்பம்!”

நஃபீசா கத்தவில்லை. தன் குட்டைப் பெஞ்சின் முன்னால் மண்டியிட்டு, சிவப்பு எழுத்தின் மேல் விரலை வைத்தாள். “கோ... வி... ந்...” பலகை முடிந்துவிட்டது. எழுந்து, அறை முழுக்கத் தேடி, பொய்க் கடை மூலையிலிருந்து இன்னொரு பெஞ்சைத் தரையில் கிறீச்சிட இழுத்து வந்து ஒட்டவைத்தாள். “த... சா... மி. கோவிந்தசாமி!” பிறகு திரும்பி, “டீச்சர், இது யாரு?” என்று கேட்டாள்.

தன் பெயரை ஒரு பிள்ளை வாசித்துக் கோவிந்தசாமி கேட்டதே இல்லை.

“பெஞ்சு வந்த நாலு வருசமா பிள்ளைங்க இந்தப் பேரு மேலதான் ஐயா உக்காந்துச்சுங்க. ஒண்ணுகூடப் படிக்கல” என்றாள் சிவகாமசுந்தரி. “வேற டீச்சர வைக்கணும்னா வைங்க. நான் இருக்கற வரைக்கும் பெஞ்ச ஒட்ட மாட்டேன்.”

கோவிந்தசாமி துண்டால் கழுத்தைத் துடைத்தார். கமிட்டிக்காரர்களைப் பார்த்தார், அவர்கள் நஃபீசாவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“அப்ப என் பேரு? அரைகுறையாவே கெடக்கணுமா?”

“ஒரு துண்டுல உங்க பேர முழுசா எழுதிடலாம்.”

“மத்த துண்டுல?”

“அதுல படிக்கற பிள்ளைங்க பேரு.”

“நாப்பத்திரண்டு பேரையும் யாரு எழுதறது?”

“அவங்களே எழுதுவாங்க” என்றாள்.

திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு நோரிஸ் ரோட்டில் சத்தமே இல்லை. கடைக்கு வந்த ஒருவர், “என்னங்க, இன்னிக்கு லீவா?” என்று கேட்டார்.

கோவிந்தசாமி கோப்பியை ஒரு வாய் குடித்தார். “பாடம் நடக்குது லா” என்றார். “பேசாம இரும்.”