எல்லா மெஷினுக்கும் ஒரு விளக்கு

புது சூப்பர்வைசருக்கு வந்த முதல் வாரமே 'விசாரணை' என்று பேர் விழுந்துவிட்டது. காலையில் ஷிஃப்டுக்கு முன்னால் கேட்டில் வந்து நின்றுகொள்வான். உள்ளே போகிற ஒவ்வொருவரிடமும் ஒரே ஒரு கேள்வி. "அண்ணே, பையனுக்குக் காய்ச்சல் விட்டுச்சா?" "அக்கா, தங்கச்சிக்கு வீடு கிடைச்சுதா?" பதிலை வாங்கிக்கொண்டு தலையாட்டி விடுவான்.

டப்பாவுக்குத் தகர மூடி அடிக்கிற கம்பெனி அது. தகட்டைக் கையால் அச்சுக்கு அடியில் தள்ளிவிட்டுக் கையை இழுத்துக்கொண்டு, காலால் பெடலை மிதித்தால், மேலேயிருந்து இரும்புத்தலை இறங்கி ஒரே இடியில் மூடியை வெட்டும். இதற்கு முன்னால் இருந்த சூப்பர்வைசர்கள் யாரும் யார் வீட்டுக் காய்ச்சலையும் விசாரித்ததில்லை. "ஏன் லேட்டு?" என்று கேட்பார்கள், "கை என்ன தூங்குதா?" என்று கேட்பார்கள். அதற்கெல்லாம் பழகிப்போன ஜனத்திடம் ஒருத்தன் அன்பாகக் கேட்டால் சந்தேகம் வராதா?

"மோப்பம் பிடிக்கிறான்," என்றான் இரண்டாம் நம்பர் மெஷின் தாடி. "எவன் வீட்ல என்ன கஷ்டம்னு தெரிஞ்சா, எவன் கழுத்துல கால் வைக்கலாம்னும் தெரிஞ்சிடும்ல? எல்லாம் ஆபீசுக்குப் போகுது."

நாலாம் நம்பர் அக்கா அதைக் கேட்கவில்லை. பார்த்தாள். தாடியின் மீசைக்கு அடியில் உதடு பாதிதான் தெரியும். மீதியை இவளே நிரப்பிக்கொண்டு, "பின்ன?" என்றாள்.

அவளுக்குக் காது போய்க்கொண்டிருந்தது. கம்பெனியில் ஒரு ஈ எறும்புக்குக்கூடத் தெரியாது. தெரியவும் வழியில்லை. ஷெட்டுக்குள் மெஷின் ஓடும்போது எல்லோரும் செவிடுதான். கையைக் காட்டித்தான் பேசுவார்கள், முதுகில் தட்டித்தான் கூப்பிடுவார்கள். மெஷின் சத்தத்தையே அவள் உள்ளங்காலில்தான் வாங்கிக்கொண்டிருந்தாள். வீட்டில் புருஷன் மட்டும், "கூப்பிட்டா திரும்பிக்கூடப் பாக்க மாட்டேங்குற, சம்பாதிக்கிற திமிரு" என்பான். கட்டடச் சாரத்திலிருந்து விழுந்து இடுப்பு போனதிலிருந்து அவன் படுக்கையோடு இருந்தான். திமிரு என்றே நினைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டாள்.

போன வருஷம் ஆறாம் நம்பர் பெரியவருக்குக் காது கேட்கவில்லை என்று தெரிந்த அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பினார்கள். "காது கேக்காதவன் கைய விட்டுட்டு நிப்பான், நான் போலீசு, கேசுன்னு அலையணுமா?" என்றார் முதலாளி. அவர் சொன்னதிலும் தப்பில்லை. பெடலை மிதிக்காமலேயே சில நேரம் இரும்புத்தலை தானாக இறங்கும். இறங்குவதற்கு முன்னால் உள்ளே 'டக்' என்று ஒரு சின்னச் சத்தம் வரும். பழகின காது அதைப் பிடித்துக்கொள்ளும், கை தானாகப் பின்னால் வந்துவிடும். அக்காவுக்கு அந்த 'டக்' நின்று வெகு நாளாகிறது.

ஆக, அவள் மாட்டிக்கொள்ளும் ஆபத்து ஷெட்டுக்குள் இல்லை, கேட்டில் இருந்தது. சத்தமில்லாத ஒரே இடம் அதுதான். அங்கே போய் ஒருத்தன் நின்றுகொண்டு, தரையைப் பார்த்தபடி மெதுவாகப் பேசினால்? எதைக் கேட்டாலும் "ஆமா தம்பி" என்று சிரித்துவிட்டு நடையைக் கட்டினாள். ஒருநாள் அப்படிச் சொன்னபோது அவன் பார்வை அவள் முகத்தில் கொஞ்சம் கூடுதலாகத் தங்கியது. பின்னால் வந்தவள் தோளில் இடித்துச் சிரித்தாள்: "பொண்ணு எந்தப் பள்ளிக்கூடத்துல படிக்குதுன்னு கேட்டா, ஆமாங்கறியேக்கா!"

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் அவளே ஆரம்பித்தாள். "இனிமே அவன் என்ன கேட்டாலும் யாரும் வாயத் தொறக்காதீங்க. ஊமை மாதிரி போங்க. எத்தன நாளைக்குக் கேப்பான்னு பாப்போம்."

"அக்காவுக்குத்தான் மூளை!" என்று தாடி தொடையில் தட்டினான். எல்லோரும் ஊமையாகிவிட்டால் ஒரு செவிடு தனியாகத் தெரிய மாட்டாள் என்பது அவள் மூளைக்கு மட்டும்தான் தெரியும்.

ஊமை வேலை நன்றாகத்தான் நடந்தது. ஆனால் விசாரணை விடவில்லை. தினமும் நின்றான், ஆளுக்கு ஒன்று கேட்டான், பதில் வராமலே தலையாட்டினான். கோபப்பட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. கோபப்படாதவனை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

அப்புறம் விளக்கு வந்தது. எல்லா மெஷின் தலையிலும் சிவப்பு பல்பு மாட்டச் சொல்லி ஒரு எலெக்ட்ரீஷியனைக் கூட்டிவந்தான்.

"ஒவ்வொரு அடிக்கும் எரியுமாம். புரியுதா?" என்றான் தாடி. "நாம எத்தன அடி அடிக்கிறோம்னு எண்ணப் போறான். ஒரு தடவ மூத்திரம் பெய்யப் போனாலும் மாட்டிக்குவோம். சனிக்கிழமை முதலாளி வர்றாரு. ஒண்ணு பல்பு இருக்கணும், இல்ல நாம இருக்கணும். அக்கா, நீதான் பேசணும்."

"பேசிடுவோம்," என்றாள்.

அடுத்த நாள் சாப்பாட்டு நேரம். ஷெட் காலி. எலெக்ட்ரீஷியன் நாலாம் நம்பருக்கு மேல் ஏணியில் நின்றிருந்தான். முதலாளியிடம் பேச விவரம் வேண்டுமே என்று அவள் டிபன் பாக்ஸோடு போய், "ஏன் தம்பி, இது எண்ணுமா?" என்றாள்.

அவன் ஏதோ சொன்னான். உதட்டில் வரிசையாக ஸ்க்ரூவைக் கடித்துக்கொண்டிருந்தான். ஒரு எழுத்தும் தெரியவில்லை.

"அத எடுத்துட்டுப் பேசு. முழுங்கித் தொலைக்கப் போற."

கையில் துப்பிக்கொண்டு சிரித்தான். "எண்ணவா? வெறும் பல்புதான்க்கா இது. தலை இறங்க ஆரம்பிச்சா எரியும். தானா இறங்க வந்தாலும் முன்னாடியே எரிஞ்சு காட்டிக் கொடுத்துடும்."

"அதுக்குத்தான் டக்னு சத்தம் வருமே. அப்புறம் எதுக்கு?"

"நானும் அதத்தான் கேட்டேன். சொல்ல மாட்டேங்குறான். உங்க சூப்பர்வைசர் என்கூடப் படிச்ச பயதான். எங்க கணக்கு சார் ஞாபகம் வந்துடுச்சு எனக்கு." ஏணியில் வசதியாக உட்கார்ந்துகொண்டான். "தினமும் கிளாஸ் வாசல்ல நின்னு ஆளுக்கு ஒரு கேள்வி கேட்டுத்தான் உள்ள விடுவாரு அந்த மனுஷன். ஒரு நாள் திடீர்னு போர்டுல ஆனை ஆனையா எழுத ஆரம்பிச்சாரு. ஒரு கணக்குக்கே போர்டு முடிஞ்சுடும். சாருக்குக் கண்ணு அவுட்டுன்னு நாங்க சிரிப்போம். 'ஆமாடா, வயசாகுதுல்ல'ன்னு அவரும் சேந்து சிரிப்பாரு. சாக்பீஸ் எல்லாம் எங்கய்யா போகுதுன்னு ஹெட்மாஸ்டர் வருஷம் பூரா காய்ச்சி எடுத்தாரு."

"கண்ணு தெரியலையா அவருக்கு?"

"கழுகுக் கண்ணு! கடைசி பெஞ்சுல இருந்த இவனுக்குத்தான் தெரியல. வெளிய சொன்னா அவங்கப்பன் படிப்ப நிறுத்திட்டு சூளைக்குக் கல் அறுக்க அனுப்பிடுவான்னு மூச்சு விடல பய. சார் எப்படியோ கண்டுபிடிச்சிருக்காரு. இவனத் தனியாக் காட்டிக் கொடுக்காம எல்லாருக்கும் பெருசா எழுதிட்டாரு. எனக்கே போன வருஷம்தான் சொன்னான். அதான் நினைக்கிறேன், இங்கயும் யாரோ ஒருத்தருக்காகத்தான் எல்லா மெஷினுக்கும் மாட்டுறானோ என்னவோ." ஸ்க்ரூவை மறுபடி வாய்க்குக் கொண்டுபோனவன் நின்றான். "நாலாம் நம்பர்ல மட்டும் கண்ணுக்கு நேரா வரணும்னு உசிர எடுக்குறான்க்கா."

அவள் டிபன் பாக்ஸை மூடினாள். அப்போ தெரியும் அவனுக்கு. தெரிந்துகொண்டு சும்மா இருக்கிறான். இன்றைக்குச் சும்மா இருப்பவன் நாளைக்கும் சும்மா இருப்பான் என்று யார் உத்தரவாதம்? இந்தக் கதையையே சொல்லச் சொல்லி அனுப்பியிருந்தால்? அன்றைக்குச் சாயங்காலம் வரைக்கும் பல்பு ஒவ்வொரு அடிக்கும் அவள் கண்ணுக்கு நேரே எரிந்து அணைந்தது. ஒரு தடவை அவள் கால் பெடலில் இல்லாதபோது எரிந்தது. கையை இழுத்துக்கொண்டாள். தலை இறங்கி வெறும் தகட்டை வெட்டிவிட்டுப் போனது. விரல்களை ஒரு தடவை எண்ணிப் பார்த்துக்கொண்டு அடுத்த தகட்டை எடுத்தாள். யாரிடமும் சொல்லவில்லை.

சனிக்கிழமை முதலாளி வந்ததும் எல்லா மெஷினையும் நிறுத்தினார்கள். ஷெட்டே கேட் மாதிரி சத்தமில்லாத இடமாகிவிட்டது. அவள் முன்வரிசையில் முதலாளியின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"என்ன பிரச்சினை?"

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். அவள் வாய் திறக்கவில்லை. தாடிதான் பொறுக்க மாட்டாமல் எண்ணுவது, மோப்பம் பிடிப்பது எல்லாவற்றையும் கொட்டினான். முதலாளி சூப்பர்வைசர் பக்கம் திரும்பினார். "யாரக் கேட்டு மாட்டின? எதுக்கு?"

அவன் கண் ஒரு நொடிகூட அவள் பக்கம் வரவில்லை. "எனக்காகத்தான் சார். எனக்குக் காது கொஞ்சம் மந்தம். எது ஓடுது, எது நிக்குதுன்னு பிடிபடல. பல்பு இருந்தா பாத்துக்குவேன்."

"செவிட்டுப் பயலையா சூப்பர்வைசராப் போட்டு வச்சிருக்கேன்? மொதல்ல நீ வெளிய போ. பல்பக் கழட்டுங்கடா."

தாடி அவள் தோளைச் சந்தோஷமாக அமுக்கினான். எல்லாம் முடிந்தது. விசாரணை தொலைந்தான், இனி அவள் ரகசியம் தெரிந்த ஆள் இங்கே இல்லை. அவள் ஒன்றும் செய்ய வேண்டாம், சும்மா நின்றால் போதும். அவள் சும்மாதான் நின்றாள். யாரோ ஒரு வாத்தியார், முகம்கூடத் தெரியாது, தொண்டையில் முள்ளாகக் குத்தினார்.

"அவனுக்கு நல்லா கேக்கும் முதலாளி. எனக்குத்தான் கேக்கல." எவ்வளவு சத்தமாகச் சொன்னோம் என்று அவளுக்கே தெரியவில்லை. எல்லோரும் பின்வாங்கியதைப் பார்த்தால் கத்தியிருப்பாள் போலிருந்தது.

முதலாளி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "ரெண்டு பேரும் பேசி வச்சுக்கிட்டு வந்தீங்களா? இத்தன வருஷம் கேட்ட காது, இவன் மாட்டுனதும் கேக்கலையா? திரும்பி நில்லு."

திரும்பினாள். எதிரே கூட்டம். பின்னால் முதலாளி பேசத் தொடங்கியதை அவர்கள் முகத்தில் பார்த்தாள். கூட்டத்துக்குப் பின்னால், முதலாளி கண்ணில் படாதபடி ஒரு மெஷினை ஒட்டி சூப்பர்வைசர் நின்றிருந்தான். அவன் உதடு அசைந்தது. முதலாளி சொல்வதைச் சத்தமில்லாமல், அழகாக, ஒவ்வொரு வார்த்தையாக அவளுக்கு எடுத்துக் கொடுத்தான். 'உன்... பொண்ணு...' படித்துப் பதில் சொன்னால் அவள் வேலை தப்பும். அவன் போவான்.

கண்ணை மூடிக்கொண்டாள்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. தோளில் கை விழுந்தபோதுதான் திறந்தாள். தாடி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். முதலாளி என்ன சொன்னார் என்று பிறகு கேட்டபோது ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். காதில் விழக்கூடாத எதையோ சொல்லியிருக்கிறார், அதைத் திருப்பிச் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை என்பது மட்டும் தெரிந்தது.

முதலாளி யாரையும் அனுப்பவில்லை. இன்னும் எத்தனை பேர் மறைத்துக்கொண்டிருக்கிறார்களோ என்று எல்லோருக்கும் காது டெஸ்ட் எடுக்கச் சொன்னார். பாதிப் பேர் காது பஞ்சர். பாதி ஷெட்டைக் காலி செய்ய முடியாது என்பதால் பல்பு இருக்கட்டும் என்றார். தாடியின் இடது காதும் அந்தப் பாதியில் இருந்தது. "எல்லாம் இவங்க ரெண்டு பேரும் போட்ட நாடகம்" என்று அவன் இன்னமும் சொல்லிக்கொண்டிருக்கிறான்.

அவளுக்கும் சந்தேகம் முழுசாகப் போய்விடவில்லை. ஒருநாள் ஷெட் வாசலில் அவனை நிறுத்திக் கேட்டாள். "உங்க கணக்கு சாருக்கு இதெல்லாம் தெரியுமா?"

அவன் திடுக்கிட்டான். பிறகு அவள் முகத்துக்கு நேராக வந்து, வாயைப் பெரிதாகத் திறந்து, நிறுத்தி நிறுத்திச் சொன்னான். "போன... மாசம்... போய்ப் பாத்தேன்க்கா... எந்த... வருஷத்துப் பையன்னு... கேட்டாரு. என்னைய... அவருக்கு... ஞாபகமே... இல்ல."

"செவிடுதான்டா நான், மக்கு இல்ல," என்றாள் அவள். "வேகமாவே பேசு."