நான்காவது கடை

அது எந்த மாதம் என்று எனக்குச் சரியாக நினைவில்லை. மழை பெய்ததா என்பதும் சந்தேகம்தான். கொழும்பில் புற்றுநோய்ச் சிகிச்சையிலிருந்த தங்கை றாஹிலா, மூன்று வாரத்துக்குப் பிறகு அன்றுதான் அண்ணனான என்னிடம் வாய்விட்டுச் சாப்பாடு கேட்டாள்.

“காக்கா, சைனீஸ் நூடுல்ஸ் தின்ன ஆசையா இரிக்கி.”

முதல் கடையில் ஹலால் சான்றிதழ் தொங்கியது. சமைப்பவர் முஸ்லிம் இல்லையென்று அவளைக் கூட்டிக்கொண்டு வெளியேறினேன். அடுத்த இரண்டு சீனக் கடைகளிலும் சோஸில் வைன் சேர்ப்பார்களாம்.

“நம்மட ஊர் கல்முனைக்கே நடத்திக் கொண்டுபோகப் போறீங்களா?” என்று சிரித்தாள். மூச்சு வாங்கியது.

நான்காவது, மெக்சிக்கன் கடை. எங்கள் ஊர்ப்பக்கத்து மருதமுனைச் சமையல்காரர் ஸலாம் சொன்னார். இறைச்சி வைத்துச் சுற்றிய ரொட்டி நல்ல ருசி.

அவள் ஒரு வாய்தான் கடித்தாள். “பசி போயிட்டு காக்கா. நீங்க தின்னுங்க.”

தின்றேன்.

றாஹிலா அந்த நூடுல்ஸைத் தின்னாமலே, நோன்பு மாதத்துக்கு முன்பே மௌத்தாகிப் போய்விட்டாள். அவள் கணவன் முனாப் கத்தாரில் இருக்கிறான். நான் கல்முனைக்குப் பக்கத்தில் சாய்ந்தமருதில் துணிக்கடை வைத்திருக்கிறேன்.