பாரதக் குழிக்கு நேர் வழி

பாரதக் குழிக்கு எப்படிப் போவது என்று அந்த ஊரில் கேட்டால் இரண்டு பதில் வரும். ஐயம்பேட்டையைத் தாண்டி பஸ்ஸை விட்டு இறங்கினால், தறிக்காரத் தெரு வழியாக நேராக நடந்துவிடலாம். எந்த ராஜா கட்டினானோ, மூன்று பக்கமும் கருங்கல் படி, நடுவில் பாரதக் கூத்தாடும் களம், மேலே வானம். காலனிக்காரர்களுக்கு மட்டும் ஏரிக்கரையைச் சுற்றிக்கொண்டு முள்ளுக்குள் வழி. யாரும் போர்டு எழுதி வைத்ததில்லை. காலுக்கே பழகிப்போன அநியாயம் அது.

இந்த வருஷக் கூத்தில் துரியோதனன் விழுந்து, பாஞ்சாலி கூந்தல் முடிகிற பகல் காட்சிக்குக் காலனிப் பெண் நதியா பாஞ்சாலி வேஷம் கட்டினாள். கடைசிப் படிவரை போகிற அவள் குரலைக் கேட்ட பிறகு, வேறு ஆளைத் தேட கூத்து வாத்தியாருக்கு மனசு வரவில்லை.

வீட்டிலேயே வேஷம் கட்டி முடித்த நேரத்தில் விழாப் பொறுப்பாளர் வேணுகோபால் போன் செய்தார்.

"ஏரிக்கர வழியா வந்துடும்மா. உங்களுக்கு அதானே பழக்கம்."

நதியா போனை வைத்தாள். பாஞ்சாலி வேஷம் கட்டியவர் அம்மனுக்குச் சமம், அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, வழி மறிப்பதில்லை என்பது அந்த ஊர் வழக்கம். வாசலில் ஷேர் ஆட்டோவோடு நின்ற பெரியம்மா மகன் ஜோசுவா, "எந்தப் பக்கம்மா திருப்பறது?" என்றான்.

"தெருப் பக்கம் திருப்புண்ணா. அம்மன் இன்னாத்துக்கு முள்ளுல நடக்கணும்?"

தெருமுனையில் இறங்கி நடந்தாள். தறிச் சத்தம் ஒவ்வொரு வீடாக நின்றது. பெரிய வீட்டுக் கிருஷ்ணம்மாள் குடத்தோடு ஓடிவந்து, அவள் காலில் மஞ்சள் தண்ணீர் ஊற்றிக் கும்பிட்டாள்.

அன்றைக்கு நதியா ஆடியது போல் ஒருத்தரும் ஆடியதில்லை. அவள் கூந்தலை முடிந்தபோது படிகளில் ஒரு குழந்தைகூட சிணுங்கவில்லை. காலனி சனம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

ஆனால் தெரு வழிவிட்டது அம்மனுக்கு. நதியாவுக்கு விடுமா? அதைத் தெரிந்துகொள்ளாமல் வீட்டுக்குப் போக அவளுக்கு இஷ்டமில்லை. எண்ணெய் போட்டு அரிதாரத்தைத் துடைத்தாள், சுடிதாரை மாட்டிக்கொண்டு அதே தெருவில் திரும்பி நடந்தாள்.

"யாரு வூட்டுப் பொண்ணும்மா நீ?" வாசலில் நின்ற கிருஷ்ணம்மாளுக்கு அடையாளம் தெரியவில்லை.

"காலைல காலுக்குத் தண்ணி ஊத்துனீங்களே, நான்தாம்மா. காலனி கங்கையம்மா பொண்ணு நதியா."

கிருஷ்ணம்மாள் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நதியாவும் பார்வையைத் தாழ்த்தவில்லை.

"நல்லா ஆடுன நதியா. வெயில்ல வந்துக்கினு இருக்கியே, உக்காரு. மோர் கொண்டாறேன்."

நதியா அந்த வீட்டு வாசற்படியில் கால் நீட்டி உட்கார்ந்தாள். மோரை அவசரப்படாமல் குடித்தாள்.