பாதியில் நின்ற பாட்டு

அந்தத் திரைக்காரியை எனக்கு முதல் நாளிலிருந்தே பிடிக்கவில்லை. முகமெல்லாம் பல்லாகச் சிரிப்பாள். "புரிஞ்சுதா செல்லங்களா?" என்று கேட்பாள். கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா நிற்பாள். பிறகு "ரொம்ப நல்லது!" என்பாள். யாருக்குப் புரிந்தது, யார் பதில் சொன்னார்கள், அவளுக்கு ஒன்றும் தெரியாது. ஒருநாள் யாரோ அணைக்காமல் போய்விட்டார்கள். கூடத்தில் ஈ காக்காய் இல்லை. காலி பெஞ்சுகளைப் பார்த்து "ரொம்ப நல்லது!" என்றாள். விளக்குமாறோடு உள்ளே போன நான், முதுகைத் திருப்பப் பயந்து, அப்படியே பின்னால் நடந்தே வெளியே வந்தேன்.

நான் அந்தப் பள்ளிக்கூடத்தில் கேட் காவல். கூட்டுவதும் நான்தான். போன வருஷம்வரை பாட்டுக்கு ஒரு வாத்தியார், படம் வரைய ஒரு டீச்சர் என்று இருந்தார்கள். இரண்டு பேரும் போன பிறகு பெரிய சார், அதாவது தலைமையாசிரியர், கட்டைவிரல் அளவு பென் டிரைவ் ஒன்றைக் கொண்டுவந்து என் மூக்குக்கு நேரே ஆட்டினார்.

"நல்ல நல்ல வாத்தியாருங்க எல்லாரும் இதுக்குள்ள இருக்காங்க பெரியவரே!"

"அவ்வளவு பேரும் எப்படி சார் மூச்சு விடறாங்க?" என்றேன். சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

அதற்கப்புறம் பாட்டும் படமும் கூடத்தில்தான். ஜன்னல் சீலையை மூடி இருட்டாக்கி, ஒரு பொத்தானை அழுத்தினால் திரையில் அந்தச் சிரிப்புக்காரி வந்து வகுப்பு நடத்துவாள். கூடத்துச் சுவரில் பிள்ளைகள் வரைந்த படங்களை ஒட்டியிருந்தார்கள். அத்தனையிலும் அதே வீடு, அதே இடத்தில் ஜன்னல், அதே மூலையில் சூரியன். ஒரு பிள்ளைகூடச் சூரியனைத் தள்ளிப் போடவில்லை. எனக்கு அது சரியாகப் படவில்லை. வெளியே சொன்னால் கிழவனுக்குக் கிறுக்கு என்பார்கள்.

பொத்தானை அழுத்துவது கணக்கு டீச்சர். சின்ன வயசு, வெடுக்கென்று பேசும் பெண். பிள்ளைகளிடம் முதல் நாளே சொல்லிவிட்டார்: "எனக்குப் பாட்டும் வராது, படமும் வராது. அந்த அக்கா சொல்றதை அப்படியே செய்யுங்க. என்கிட்ட சந்தேகம் கேட்காதீங்க. நான் வேற மாதிரி சொன்னாலும் அவங்க சொல்றதுதான் சரி." சொல்லிவிட்டு மூலையில் உட்கார்ந்து பரீட்சைத் தாள் திருத்துவார். பிள்ளைகள் அவர் சொன்ன அந்த ஒன்றை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டன.

அந்த வகுப்பில்தான் என் மகன் வயிற்றுப் பேத்தி இருந்தாள். எந்நேரமும் காதுக்குள் எதையாவது முனகிக்கொண்டே இருப்பதால் அவளுக்கு நான் வைத்த பெயர் கொசு. கொசுவுக்கு மூச்சு இழுப்பு உண்டு. தூசி பட்டால் போதும், நெஞ்சுக்குள் விசில் அடிக்கும். வாயில் வைத்து அடிக்கிற மருந்து பம்ப் எப்போதும் அவள் பையில் இருக்கும். என் மருமகள் காலையில் அதைத் தொட்டுப் பார்த்த பிறகுதான் பிள்ளையைப் படியிறக்குவாள்.

அன்று கடைசி மணி நேரம். வானம் மூடிக்கொண்டு தூறிக்கொண்டிருந்தது. நான் கேட்டருகே ஸ்டூலில் இருந்தேன். சட்டென்று மின்சாரம் போனது. கூடத்திலிருந்து வந்துகொண்டிருந்த பாட்டு பாதியில் அறுந்தது. மின்சாரம் போனால் பிள்ளைகள் 'ஹோ' என்று கத்தும், அது வழக்கம். அன்று ஒரு சத்தமும் இல்லை. என்னடா இது என்று எழுந்து போனேன்.

கணக்கு டீச்சர் பியூஸ் பார்க்க ஆபீஸ் பக்கம் போயிருந்தார். கூடத்துக் கதவைத் திறந்தேன். அத்தனை பிள்ளைகளும் இருட்டில் முதுகு நிமிர்த்தி உட்கார்ந்திருந்தன. எல்லாரும் இரண்டு கையாலும் கண்ணைப் பொத்தியிருந்தார்கள். ஒருத்தரும் அசையவில்லை.

"ஏய், என்ன பண்றீங்க?"

கதவை ஓங்கித் தட்டினேன்.

"கரன்ட் போயிடுச்சு. கண்ணைத் திறங்கடா!"

திறக்கவில்லை. கிட்டே போய் ஒரு பையனின் கையை விலக்கினேன். இமையை இன்னும் இறுக்கி மூடிக்கொண்டான். அதற்குள் டீச்சர் ஓடிவந்து ஜன்னல் சீலையை இழுத்துவிட்டார். வெளிச்சம் முகத்தில் அடித்த பிறகுதான் ஒவ்வொருவராகக் கையை இறக்கினார்கள். டீச்சர் எண்ணினார். திரும்ப எண்ணினார். நான் எண்ணவில்லை. முன் பெஞ்சில் கொசுவின் இடம் காலியாக இருந்தது. பை மட்டும் இருந்தது.

பையைத் திறந்தேன். பம்ப் அதற்குள்ளேயே கிடந்தது.

"எங்கே என் பேத்தி?"

பிள்ளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். ஒருத்தி வாயை உள்ளுக்கு மடித்துக் கடித்துக்கொண்டாள்.

"பாத்ரூம் போயிருப்பா தாத்தா, பதறாதீங்க" என்றார் டீச்சர். அவர் குரலே பதறிக்கொண்டுதான் இருந்தது.

பாத்ரூமில் இல்லை. வகுப்பறைகளில் இல்லை. மாடிப்படிக்கு அடியில் இல்லை. பெரிய சார் வந்தார். வந்ததும் கேட்ட முதல் கேள்வி, "பெரியவரே, நீங்க கேட்ல தூங்கிட்டீங்களா?"

"நான் கண்ணே அசரலை சார்."

"மனசாட்சியைத் தொட்டுச் சொல்லுங்க."

"என் பேத்தி சார் அவ! எதைத் தொட்டுச் சொல்லணும்?"

சொல்லிவிட்டேன். ஆனால் எனக்கே சந்தேகம். தூறல், குளிர்காற்று, எழுபதைத் தாண்டிய உடம்பு. ஒரு நொடி கண் சொருகியிருக்குமோ? அந்த ஒரு நொடியில் யாராவது அவள் கையைப் பிடித்துக்கொண்டு போயிருந்தால்? யாரையும் நம்பாத பிறவி நான். அன்று என்னையே நம்ப முடியவில்லை.

பின்பக்கம் தண்ணீர்த் தொட்டி ஒன்று உண்டு. மூடி உடைந்து பலகை போட்டு வைத்திருந்தார்கள். பலகை சற்று விலகியிருந்தது. தொட்டி விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எட்டிப் பார்க்க வேண்டும், கழுத்து குனிய மாட்டேன் என்றது. உள்ளே கறுப்பாக ஏதோ மிதந்தது. கம்பால் இழுத்தால் பழைய தரை துடைக்கிற துணி. அங்கேயே ஈரத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

திரும்பக் கூடத்துக்கு வந்து கத்தினேன். "கொசு! தாத்தா கூப்பிடறேன்! வெளிய வாடி! இப்ப வரலைன்னா முதுகுத் தோலை உரிச்சிடுவேன்!" பிள்ளைகள் அழ ஆரம்பித்ததுதான் மிச்சம். கூடத்துக்குள் முன்பக்கம் ஒரு மரமேடை. அதற்கு அடியில் குனிந்து போகிற மாதிரி ஒரு சின்னக் கதவு. பழைய பாட்டு வாத்தியாரின் மத்தளம், கஞ்சிரா எல்லாம் அதற்குள் தூசி தின்றுகொண்டிருந்தன. பெரிய சார் அந்தக் கதவைக் காட்டினார்.

"வெளியில கொண்டி போட்டிருக்கு சார். உள்ள போனவ எப்படி வெளிய கொண்டி போடுவா?" என்றேன் நான். நானேதான் சொன்னேன். அவரும் சரி என்று நகர்ந்துவிட்டார்.

அப்போது வாசலில் குரல் கேட்டது. "மாமா, கேட்டை அப்படியே விட்டுட்டு இங்க என்ன பண்றீங்க?"

மருமகள். தையல் கம்பெனியில் வேலை முடிந்து பிள்ளையை அழைத்துப் போக வந்திருந்தாள். என் கையிலிருந்த பையைப் பார்த்தாள். பம்பைப் பார்த்தாள்.

"பாப்பா எங்கே மாமா?"

நான் முன் பெஞ்சின் காலி இடத்தைக் காட்டினேன். அவள் கத்தவில்லை, அழவில்லை. பம்பை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு, "எவ்வளவு நேரமா?" என்று மட்டும் கேட்டாள்.

கணக்கு டீச்சர் திடீரென்று பிள்ளைகள் முன்னால் தரையில் மண்டியிட்டு உட்கார்ந்தார். வாயை மடித்துக் கடித்துக்கொண்டிருந்த அந்தப் பெண்ணின் முகவாயைப் பிடித்தார்.

"அந்த அக்கா என்ன விளையாட்டு சொன்னாங்க?"

"சொல்லக் கூடாது மிஸ். ஆட்டம் முடியலை."

"ஒளிஞ்சவங்க இடத்தைச் சொல்ல வேண்டாம். ஆட்டம் எப்படின்னு சொல்லு. நான் பார்க்கலை, தாள் திருத்திட்டு இருந்தேன். எனக்கும் ஆடணும்."

அந்தப் பெண் மற்றவர்களைப் பார்த்தாள். பிறகு எல்லாரும் சேர்ந்து கொட்டினார்கள். முன் பெஞ்சுக் கடைசியில் இருக்கிறவர் ஒளிய வேண்டும். மற்றவர்கள் கண்ணைப் பொத்திக்கொண்டு பாட்டைக் கேட்க வேண்டும். அக்கா சொல்லும்வரை திறக்கக் கூடாது. யார் கூப்பிட்டாலும் ஒளிந்தவர் குரல் கொடுக்கக் கூடாது. பாட்டு முடிந்ததும் எல்லாரும் கை தட்டுவார்கள். ஒளிந்தவர் இருந்த இடத்திலிருந்தே அதே தாளத்தைத் தட்டுவார். காதை வைத்துக் கண்டுபிடிக்க வேண்டும். தாளம் கற்றுக்கொடுக்கிற பாடமாம்.

"எங்க ஒளிஞ்சான்னு எங்களுக்குத் தெரியாது மிஸ். நாங்க நிஜமாவே கண்ணை மூடிட்டுதான் இருந்தோம்."

பெரிய சார் ஓடிப்போய் பொத்தானை அழுத்தினார். மின்சாரமே இல்லாத பெட்டி என்ன செய்யும்? இன்னும் இரண்டு தடவை அழுத்தினார்.

"அப்ப நாமதான் பாடி முடிக்கணும்" என்றார் டீச்சர். "வந்தவரைக்கும் பாடுங்க."

பிள்ளைகள் அழுகையோடு ஆரம்பித்தார்கள்.

*நத்தை நத்தை எங்கே போச்சு*
*ஓட்டுக்குள்ளே சுருண்டு போச்சு*
*வெயிலு வந்தா என்ன ஆச்சு...*

அங்கே நின்றது. அதற்கு மேல் யாருக்கும் தெரியாது. அதற்குள்தான் மின்சாரம் போயிருந்தது.

கணக்கு டீச்சர் வாயைத் திறந்தார். அந்த மாதிரி ஒரு குரலை நான் ஜன்மத்தில் கேட்டதில்லை. தகரத்தில் ஆணியால் கீறின மாதிரி இருந்தது. சுதி ஒரு பக்கம், சொல் ஒரு பக்கம். *மெல்ல வெளியே வந்தாச்சு, வந்தாச்சு, வந்தாச்சு* என்று இழுத்து, கடைசியில் அந்தத் திரைக்காரி மாதிரியே பல்லைக் காட்டிச் சிரித்து, "பாட்டு முடிஞ்சுது செல்லங்களா! கை தட்டுங்க!" என்றார். கன்னத்தில் கண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

பிள்ளைகள் தட்டினார்கள். தட்-தட், தட். நிறுத்தினார்கள்.

ஒன்றும் இல்லை.

"இன்னொரு தடவை!"

தட்-தட், தட்.

நான் மேடை மேல் ஏறி, காதை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றேன். மழை மட்டும் கேட்டது. பிறகு என் கால் அடியில், இருக்கிறதா இல்லையா என்கிற மாதிரி, டொக்-டொக். மூன்றாவது டொக் வரவில்லை.

மேடைக் கதவின் மேல் விழுந்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். கொண்டி மழை ஈரத்தில் இறுகியிருந்தது. கதவை அவள் உள்ளேயிருந்து இழுத்துச் சாத்தின அதிர்வில் தானாக விழுந்து மாட்டிக்கொண்ட கொண்டி. நகம் பிய்ந்தது. பெரிய சாரும் நானும் சேர்ந்து இழுத்ததில் கதவு வந்தது. உள்ளிருந்து தூசி கிளம்பியது. மத்தளத்துக்குப் பக்கத்தில் முழங்காலைக் கட்டிக்கொண்டு கிடந்தாள். உதடு நீலம். தோள் இரண்டும் காதுவரை ஏறி ஏறி இறங்கின. விசில்கூட வரவில்லை.

மருமகள் என்னைத் தள்ளிவிட்டு உள்ளே போனாள். பிள்ளையை மடியில் போட்டுப் பம்பை வாயில் வைத்து அடித்தாள். "இழு கண்ணு, இழு." அடித்தாள். இன்னும் ஒருமுறை. டீச்சர் ஜன்னல்களை எல்லாம் திறந்துகொண்டே ஓடினார். நான் கொசுவின் பாதத்தைப் பிடித்துக்கொண்டிருந்தேன். சில்லென்று இருந்தது. வேறு எதையும் பிடிக்க எனக்கு இடம் கிடைக்கவில்லை.

மெல்ல விசில் வந்தது. அந்த விசிலைக் கேட்டு எத்தனையோ ராத்திரி பயந்திருக்கிறேன். அன்று அது வந்த பிறகுதான் நான் மூச்சு விட்டேன். உதட்டில் சிவப்பு திரும்பியது. பெரிய சார் ஆஸ்பத்திரிக்குப் போக வண்டி கொண்டுவர ஓடினார்.

வண்டியில் கொசு தன் அம்மா தோளில் சாய்ந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பாதி மூச்சில், "தாத்தா, நான் நல்லா ஒளிஞ்சேனா?" என்றாள்.

"நான் கூப்பிட்டது கேட்டுச்சாடி உனக்கு?"

"கேட்டுச்சு. நாலஞ்சு தடவை கூப்பிட்டீங்க. தோலை உரிப்பேன்னு சொன்னீங்க."

"பின்ன ஏன்டி குரல் குடுக்கலை? கதவைத் தட்டியிருக்கலாமே?"

"பாட்டு முடியலையே தாத்தா."

"மூச்சு முட்டுச்சே, அப்பகூடவா?"

ஆமாம் என்று தலையாட்டினாள். தப்பாக ஒன்றும் செய்யாத பிள்ளை ஆட்டுகிற மாதிரி ஆட்டினாள். மருமகள் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். நான் கொசுவின் கையை எடுத்து என் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டேன். ஆஸ்பத்திரி வந்து இறங்கு என்று சொன்ன பிறகும் விடவில்லை.