ஒரே கயிறு

பத்து மணிக்குள் மலையிலிருந்து பெத்தாய்க் காய் வந்து இறங்கிவிட வேண்டும். இப்போது பதினொன்று. ஆயர் ஈத்தாம் சந்தையில் காமினி தன் வெறும் மேசையை மூன்றாவது தடவையாகத் துடைத்தாள்.

“இன்னும் வரலையா, காமினி?” வாரம் தவறாத வாடிக்கை ஷரீஃபாக்கா. சர்க்கரைக்கு நல்லதென்று பெத்தாய்க் காயின் கொட்டையைப் பச்சையாகவே மெல்லுகிறவர். அவர் வீட்டுக்காரருக்கோ சம்பால் மிளகாய் விழுதில் வதக்கினால்தான் சோறு இறங்கும்.

“வந்துரும்க்கா. மலையில மழையோ என்னமோ.”

“அப்ப பழம் வாங்கிட்டு வந்துர்றேன் லா.”

மழையென்றால் தேவலை. மழையில் குணாளன் ஏறமாட்டான். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் வேலை போன நாளிலிருந்து அவள் புருஷனுக்குக் காட்டில் பெத்தாய் மரம் ஏறுகிற பிழைப்பு. இரண்டு தென்னையை ஒன்றின்மேல் ஒன்றாக நிறுத்தினால்தான் அந்த உயரம் வரும். மரங்களைக் குத்தகைக்கு எடுத்த யுகேந்திரன் கொடுத்திருப்பது ஒரே கயிறு. இடுப்பில் கட்டிக்கொண்டால் காயை மேலிருந்து எறிய வேண்டும். காயைக் கட்டி இறக்கினால் இடுப்புக்கு ஒன்றுமில்லை.

போன வாரம் எறிந்த காயில் பாதி வெடித்து, கொட்டை நசுங்கி வந்தது. ஒருவரும் சீண்டவில்லை. ஆத்திரத்தில் காமினிதான் வாயை விட்டாள்.

“கயித்துல கட்டி எறக்குனா கொறைஞ்சா போயிருவீங்க?”

அவன் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தான். விடிந்ததும் அவள் யுகேந்திரனைப் பிடித்து இன்னொரு கயிறு கேட்டாள். “பாக்கலாம் லா,” என்று அவர் வேனைக் கிளப்பிவிட்டார். சொன்ன சொல்லை மட்டும் அவளால் திருப்பி வாங்க முடியவில்லை.

வேன் வந்து நின்றது. யுகேந்திரன் மட்டும் இறங்கி, சாக்குகளை மேசையருகே இழுத்துப் போட்டார்.

“அவரு எங்கண்ணே?”

“பதறாதம்மா. வழுக்கிட்டாரு. ஆஸ்பத்திரியில சேத்தாச்சு. உசுருக்கு ஒண்ணுமில்ல. காலுலதான் உணர்ச்சி இல்லேங்கிறாங்க.”

“எப்ப விழுந்தாரு?”

“எட்டு மணி இருக்கும்.”

“எட்டு மணிக்கா? எனக்கு ஒரு போன் போட்டா என்னண்ணே?”

“சரக்க ஏத்திட்டு வர வேணாமா? வெயில்ல வாடிரும்ல.”

காமினி கைப்பையைத் தேடினாள். அது தோளில்தான் தொங்கியது. பாவி நான், பாவி நான் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. சாக்கைத் தாண்டிக் கிளம்பப் போனவள் நின்றாள்.

திறந்த சாக்கில் கடைசிக் கட்டோடு அந்தக் கயிறும் கிடந்தது. காய்களைச் சுற்றிக் குணாளன் மரத்தின் மேலே போட்ட முடிச்சு அவிழாமல் அப்படியே இருந்தது.

பழப் பையோடு திரும்பி வந்த ஷரீஃபாக்கா எதையும் அறியாமல் அந்தக் கட்டைத் தூக்கி, ஒவ்வொரு காயாகக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார்.

“இந்த வாரம் நல்ல காய் லா, காமினி. ஒண்ணுகூட வெடிக்கல.”