புகையில்லாத கஞ்சா

மிஸ் அயோனிக்கு வந்ததே கோபம்! பிரஷர் பார்க்க வந்த இடத்தில் கஞ்சாப் பழக்கம் உண்டா என்று கேட்டால் யாருக்குத்தான் வராது? அதுவும் தேவாலயத்தில் வெள்ளை உடுத்தி முன்வரிசையில் உட்காருகிறவளிடம். சுகாதார நிலையத்துக்கு வருகிற எல்லோரிடமும் கேட்டே ஆகணும் என்று புது உத்தரவாம். நர்ஸ் டெல்ரோஸ் தயங்கித்தான் கேட்டாள்.

"ஒரு இழுப்பு இழுத்தது கிடையாது. அதுக்காகப் பெத்த பிள்ளையையே வெளியே தள்ளுனவ நான்."

உண்மைதான். மகன் தஜே கொல்லையில் நின்று புகை விட்டதை ஒரு நாள் பார்த்துவிட்டாள். கஞ்சாக்காரனுக்கு என் வீட்டில் இடமில்லை என்று தெருவே கேட்கக் கத்தி, அவன் துணிமணியை வாசலில் வீசினாள். அவன் ஒரு வார்த்தை பேசவில்லை, பொறுக்கிக்கொண்டு போனான். இப்போது மாண்டிகோ பே நகரத்தில் ஓட்டல் பாத்திரம் கழுவுகிறான். ஈஸ்டருக்கு வரட்டுமா என்று ஆள் மூலம் கேட்டிருந்தான். இவள் இன்னும் பதில் சொல்லவில்லை.

நர்ஸும் அந்த ஊர்க்காரிதானே, விடவில்லை. கொதிக்க வைத்துக் குடிப்பதுண்டா என்று கேட்டாள்.

அயோனி சிரித்தேவிட்டாள். அது மருந்தாச்சே! சளிக்கு, மூட்டுக்கு, தூக்கத்துக்கு என்று அங்கே யார்தான் குடிக்கவில்லை? கொல்லைச் செடியின் இலையும் மொட்டும் போட்டு, டின் பால் ஊற்றிக் கொதிக்க வைப்பாள். முன்பு படுக்கும்போது ஒரு கோப்பை. இப்போது விடிந்ததிலிருந்து அடுப்பில் அந்தப் பானைதான்.

குடிக்காமல் இருந்து பார்த்ததுண்டா என்றாள் நர்ஸ். உபவாச வாரத்தில் விட்டுப் பார்த்தாள், முடியவில்லை. தலைநகர் கிங்ஸ்டனில் தங்கை மகள் கல்யாணத்துக்கு இலை கொண்டுபோக மறந்து, தூக்கமில்லாமல் வேர்த்துக் கொட்டி, எல்லோர் மேலும் எரிந்து விழுந்து, தாலி மாதிரி அவர்கள் மோதிரம் போடுவதைக்கூடப் பார்க்காமல் பஸ் ஏறிவிட்டாள். வேடிக்கையாகத்தான் சொல்ல ஆரம்பித்தாள். போகப் போகக் குரல் தானாக இறங்கிவிட்டது.

"இதுக்குப் பேரு கஞ்சா அடிமைத்தனம், மிஸ் அயோனி. புகையா போனா என்ன, கோப்பையில போனா என்ன? பயப்படாதீங்க, கொஞ்சம் கொஞ்சமா குறைக்கலாம்."

அட கடவுளே, நானா? அன்றைக்குத் தஜேயின் சட்டைகளை வீசும்போது அடுப்பில் இவள் பானை கொதித்துக்கொண்டிருந்தது. பொங்கி வழியப் போகிறதே என்று ஓடிப்போய் அணைத்துவிட்டு வந்து, மறுபடி வீசினாள். அந்த இலையைக் காலையில் பறித்துக் கொடுத்தவனே அவன்தான். நினைக்க நினைக்க அவளுக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது.

நர்ஸ் முன்னாலேயே மகனுக்குப் போன் போட்டாள். அந்தப் பக்கம் பாத்திரச் சத்தம் கேட்டது.

"தஜே, வீட்டுக்கு வாடா. கஞ்சாக்காரங்களுக்கு இடமில்லன்னா, வெளியே போக வேண்டியவ நான்தான்."

பாத்திரச் சத்தம் நின்றது.

"எனக்கு அப்பவே தெரியும்மா. தெரு பூரா நின்னு பாத்துச்சே, அதான் அன்னைக்கு வாயத் திறக்கல."