விளம்பரம் ஓடாத மூன்று வாரம்

என் மனைவிக்கு இருப்புக் கொள்ளவில்லை. நான் வாஷிங் மெஷினைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்த பின்னறையில் குறுக்கும் நெடுக்குமாக நடந்தாள். வாஷிங் மெஷின், ஃபிரிட்ஜ் விற்கும் அந்தக் கடை அவளுடைய பெரியப்பாவுடையது. இணையத்தில் விளம்பரம் கொடுப்பது அவள் வேலை, பழுது பார்ப்பது என் வேலை.

"மூணு வாரமா நம்ம விளம்பரமே ஓடலைங்க. பணம் போற கார்டு காலாவதி ஆயிடுச்சு. நான் கவனிக்கல."

எனக்குப் பகீரென்றது. அந்த மூன்று வாரமும் விற்பனை அமோகம். எல்லாம் விளம்பரத்தின் மகிமை என்று பெரியப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. விளம்பரத்தை இரட்டிப்பாக்கப் போகிறார். அந்தச் செலவுக்காக என் பிரிவை இழுத்து மூடப் போகிறார். அன்று மத்தியானம் முடிவு சொல்வதாக இருந்தார்.

"பில் போடறப்ப கேட்டா, எல்லாரும் விளம்பரம் பாத்து வந்தோம்னுதானே சொல்றாங்க?"

"அதான் எனக்கும் புரியல. ஓடாத விளம்பரத்தை எங்க பாத்தாங்க?"

"நீ வாயைத் திறக்காதே. உன் வேலையாவது மிஞ்சட்டும்."

"உங்களை வெளிய அனுப்பிட்டு நான் மட்டும் அங்க உக்காந்திருக்கணுமா?" என்று விடுவிடென்று போய்விட்டாள். பிடிவாதக்காரி. நானும் பின்னால் ஓடினேன்.

அவள் சொல்லி முடித்ததும் பெரியப்பா முகத்தில் ஈயாடவில்லை. அப்புறம் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

"விளம்பரம் இல்லாமலே விக்குதுன்னா, நீ எதுக்கும்மா?"

"முன்னாடி பாத்தது மனசுல நின்னு வந்திருக்கலாம் பெரியப்பா. இன்னும் கொஞ்ச நாள் போனாத்தான் தெரியும்."

"சரி, பாத்துடுவோம். மாசக் கடைசி வரைக்கும் விளம்பரம் கிடையாது. வியாபாரம் படுத்துச்சுன்னா உன் நாற்காலி உனக்கு, மாப்பிள்ளை கிளம்பட்டும். படுக்கலைன்னா மாப்பிள்ளை இருக்கட்டும், நீ வீட்டைப் பாரு."

அன்றிலிருந்து கடைக் கதவு திறந்தாலே எங்கள் இருவருக்கும் திக்கென்கிறது. சாப்பாடு இறங்கவில்லை. வருகிறவர் வாங்கினால் அவள் வேலைக்கு ஆபத்து, வாங்காமல் போனால் என் வேலைக்கு.

நேற்று ஒரு புருஷன் பெண்டாட்டி வந்து ஒரு ஃபிரிட்ஜைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்கள். என் மனைவி ஓடிப் போய் அதன் அருமை பெருமைகளை அளக்க ஆரம்பித்தாள். இத்தனை வருஷத்தில் அவள் ஒரு சாமானைக்கூடக் கையால் விற்றதில்லை. எனக்காகத்தான் விற்கிறாள் என்று புரிந்தது. விடுவேனா? நானும் போய் நின்றேன்.

"கதவு ரப்பர் சீக்கிரம் போயிடுங்க. யோசிச்சு வாங்குங்க."

அவள் என்னை முறைத்தாள். கண் கலங்கியிருந்தது. வந்தவர்கள் எங்களை மாறி மாறிப் பார்த்தார்கள். பிறகு என்ன நினைத்தார்களோ, அதையே வாங்கினார்கள்.

பில் போடும்போது பெரியப்பாவே எழுந்து வந்து கேட்டார்: "நம்ம கடை எப்படித் தெரிஞ்சுது?"

"விளம்பரம் பாத்துதான்," என்றார் அந்த மனிதர்.